கிடந்த கோலத்தில் ஒரு தந்தை

திருவனந்தபுரம் ஸ்ரீபத்மநாப சுவாமி கோயிலின் கருவறைக்கு மூன்று வாசல்கள். அனந்தன் மேல் பள்ளிகொண்ட திருமேனி ஏறத்தாழ 18 அடி நீளம். ஒரு வாசலில் நின்று முழுவதையும் கண்டுவிட முடியாது. முதல் வாசலில் திருமுகமும், தாழ விட்ட வலக்கையும், அந்தக் கையடியில் ஒரு சிவலிங்கமும் தெரியும். நடுவாசலில் உந்தியிலிருந்து எழுந்த தாமரையும், அதன் மேல் நான்முகனும், முன்னே உற்சவத் திருமேனிகளும். மூன்றாம் வாசலில் திருவடி. உறங்கும் தந்தையைச் சின்னக் குழந்தை தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நடந்து பார்ப்பது போலத்தான் இங்கே தரிசனம்.

பெருமாள் கோயில்களில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என மூன்று உண்டு. நிற்கும் தந்தை எங்கோ புறப்படுகிறார். உட்கார்ந்த தந்தை கணக்குப் பார்க்கிறார், அல்லது வழக்குக் கேட்கிறார். அவர் படுத்திருக்கும்போதுதான் வீட்டில் பேச்சு தாழ்கிறது. ஆனால் பயம் இருப்பதில்லை. மழை பெய்தால் பெய்யட்டும், அப்பா உள்ளே இருக்கிறார் என்ற ஒரு நிறைவு அது. அனந்த சயனம் தரும் ஆறுதலும் இந்த வகைதான். அந்த உறக்கத்துக்கு யோக நித்திரை என்று பெயர்: கண் மூடியிருக்கும், அறிவு மூடாது. நள்ளிரவில் பிள்ளை இருமினால் உடனே புரண்டு எழும் தகப்பனைக் கண்டவர்களுக்கு இந்தச் சொல்லுக்கு உரை தேவைப்படாது.

அந்த உறக்கத்தைக் கலைக்காத மரியாதை வழிபாட்டிலும் உண்டு. 1686இல் நேர்ந்த தீயில் கோயில் பெரும் சேதம் அடைந்தது. பின்னர் திருவிதாங்கூரை 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் மூலவர் திருமேனி புதிதாக அமைந்தது. கண்டகி நதியிலிருந்து கொண்டுவந்த 12,008 சாளக்கிராமங்களை உள்ளே வைத்து, கடுசர்க்கரை யோகம் எனப்படும் மூலிகைப் பிசின் கலவையால் அதை உருவாக்கினார்கள். இந்தத் திருமேனிக்கு நீராட்டு கிடையாது. அபிஷேகத்துக்கென்று வேறு விக்கிரகம் உண்டு. சாத்திய பூக்களைக்கூட மயிற்பீலியால்தான் மெல்ல ஒதுக்குகிறார்கள்.

பத்மநாபன் என்ற பெயரையும் நின்று பார்க்க வேண்டும். பத்மம் தாமரை, நாபி உந்தி. உந்தி என்பது தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான வழி. பிறந்தவுடன் அறுபடும் கொடி அங்கேதான் இருக்கிறது. இங்கே தந்தையின் உந்தியிலிருந்து கொடி கிளம்பி, அதன் நுனியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கொடி அறுபடவே இல்லை. நான்முகனுக்குப் பெற்றவள் என்று தனியே ஒருத்தி இல்லை; பெற்றதும் தாங்குவதும் ஒருவரே. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணன் தன்னை இந்த உலகின் தந்தை என்றும் தாய் என்றும் பாட்டன் என்றும் ஒரே மூச்சில் சொல்லிக்கொள்வதற்கு நடுவாசல் ஒரு சித்திரம் போல நிற்கிறது. இத்தலத்து இறைவனிடம் சொந்தம் கொண்டாடிய சுவாதித் திருநாள் மகாராஜா (1813–1846), தம் கீர்த்தனைகளில் முத்திரையாக வைத்தது தம் பெயரை அல்ல. பத்மநாபன், சரசிஜநாபன், பங்கஜநாபன் என்று அந்த உந்தித் தாமரையையே விதவிதமாக மாற்றி வைத்தார். அவர் இரண்டு வயதை எட்டும் தறுவாயில் தாய் கௌரி லட்சுமி பாய் மறைந்தார். சிற்றன்னை கௌரி பார்வதி பாய் நாட்டைப் பார்த்துக்கொள்ள, தந்தையான சங்கனாசேரி ராஜராஜ வர்மா பிள்ளைகளின் கல்வியைப் பார்த்துக்கொண்டார். தாயும் தந்தையும் ஒருவரிலேயே கூடியிருப்பதை அந்தப் பிள்ளை பாட்டில் தேடியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்தத் தந்தை முதலில் பிள்ளையாக வந்தவர் என்கிறது தலபுராணம். துளு அந்தணரான திவாகர முனிவரின் குடிலுக்கு அழகான ஒரு சிறுவன் வந்தான். முனிவர் தம்முடன் இருக்கும்படி கெஞ்ச, தன்னை ஒருபோதும் கடிந்துகொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு தங்கினான். ஒரு நாள் முனிவர் பூஜையில் இருக்கையில் சாளக்கிராமத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். முனிவரின் பொறுமை அறுந்தது. சிறுவன் மறைந்தான், காண வேண்டுமானால் அனந்தங்காட்டுக்கு வரலாம் என்ற குரல் மட்டும் மிஞ்சியது. ஒரே ஒரு அதட்டலுக்குப் பிறகு காலமெல்லாம் பிள்ளையைத் தேடி அலைந்த தகப்பனின் கதை இது. காட்டில் ஒரு பெரிய மரம் சாய்ந்து, பள்ளிகொண்ட உருவமாக விரிந்தது. தலை திருவல்லத்திலும் கால் திருப்பாப்பூரிலும் கிடந்ததாம். முனிவர் வேண்டிக்கொள்ள, அவருடைய கைத்தடியின் மூன்று மடங்கு நீளத்துக்குச் சுருங்கியது. முனிவர் கைக்குக் கிடைத்தது சிரட்டையில் ஒரு மாங்காய், அதையே படைத்தார்.

அனந்தங்காட்டில் குழந்தையின் அழுகுரல் கேட்டு ஓடிவந்து பால் கொடுத்தது, அங்கே பாடுபட்டு வந்த ஒரு புலையர் குலப் பெண் என்று இன்னொரு வழக்கு. அவளும் அவள் கணவனும் பாலும் கஞ்சியும் சிரட்டையில் வைத்துக் கொடுத்தார்கள். எந்த வழக்கைக் கொண்டாலும் சிரட்டை மாறவில்லை. இன்றும் உப்புமாங்காய் நிவேதனம் உண்டு. சிரட்டைக்கு மேல் பொன் வேய்ந்திருக்கிறார்கள், அவ்வளவே. கஞ்சி, சிரட்டை, தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய மாங்காய்: வீட்டுச் சுகம் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இக்கோயிலின் நிலவறைப் பொன்னைப் பற்றி 2011 முதல் உலகமே பேசியது. இந்த மாங்காயைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

இந்திய நீதிமன்றங்கள் கோயில் மூர்த்தியைச் சட்டப்படி சொத்துடைய ஓர் ஆளாகவும், தன் காரியத்தைத் தானே நடத்திக்கொள்ள இயலாத மைனராகவும் கொள்கின்றன. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம், திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கு இந்தக் கோயிலில் உள்ள பராமரிப்பு உரிமை தொடரும் என்று தீர்ப்பளித்தது. உலகுக்குத் தந்தை, சட்டத்துக்குப் பிள்ளை. திவாகர முனிவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

தந்தை என்ற சொல்லுக்குத் திருவிதாங்கூர் மண்ணில் ஒரு தனிக் கனம் உண்டு. மருமக்கத்தாயம் நிலவிய குடும்பங்களில் தறவாடு என்னும் பெருவீடு தாய்வழிக்கு உரியது. அதை ஆள்பவர் காரணவர், அதாவது தாய்மாமன். தந்தை அந்த வீட்டில் வந்து போகிறவர். அரச குடும்பத்திலும் பட்டம் மகனுக்கு இல்லை, மருமகனுக்கு. மார்த்தாண்ட வர்மா பட்டம் ஏறியபோது முந்திய அரசரின் மக்களான தம்பிமார் எதிர்த்து நின்றதும் இதனால்தான். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையேயும் மருமக்கள்வழி இருந்தது. தகப்பன் தேடிய பொருள் தன் பிள்ளைக்குப் போகாத கொடுமையைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்று அங்கதமாகவே பாடினார். நாயர்களுக்கு 1925இலும் நாஞ்சில் வேளாளருக்கு 1926இலும் திருவிதாங்கூர் சட்டங்கள் இதை மாற்ற வழிவிட்டன. கேரளத்தில் கூட்டுக் குடும்ப முறையே சட்டப்படி முடிவுக்கு வந்தது 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால். ஆக, பல தலைமுறைப் பிள்ளைகள் தந்தையின் அன்பை அறிந்திருந்தார்கள், தந்தையின் வீட்டை அறியவில்லை. அப்படிப்பட்ட ஊரின் நடுவில், எங்கும் போகாமல் வீட்டிலேயே கிடக்கும் ஒரு தந்தை அமைந்தார் என்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் பக்தர் மனம் தற்செயல்களில்தான் குடியேறுகிறது.

1750 ஜனவரியில், கொல்லம் ஆண்டு 925 மகர மாதத்தில், மார்த்தாண்ட வர்மா உடைவாளைத் திருமுன் வைத்து நாடு முழுவதையும் பத்மநாபனுக்கு எழுதிக் கொடுத்தார். திருப்படித்தானம் என்று இதற்குப் பெயர். பிறகு வாளைத் திரும்பப் பெற்று, பத்மநாபதாசர் என்ற பெயரில் அடியவராக நின்று ஆண்டார். அரசியல் கண்ணோடு பார்க்கிறவர்கள் இதில் ஒரு சாமர்த்தியத்தைக் காண்பார்கள்: புதிதாகப் பிடித்த நாடுகள் கடவுளின் சொத்தானால் கலகம் செய்வது பாவமாகிவிடும். அதில் உண்மை உண்டு. ஆயினும் வீட்டு வழக்கமாக அது வேர்பிடித்த விதம் வேறு கதை. கருவறை முன் உள்ள ஒற்றைக்கல் மண்டபம் ஒரே கல்லால் ஆனது. அதில் விழுந்து வணங்கியவர் உடைமை எல்லாம் பெருமாளுக்கே சேரும் என்பதால் வேறு யாரும் அங்கே விழுவதில்லை. எல்லாவற்றையும் ஏற்கெனவே கொடுத்துவிட்ட அரச குலத்தவர்க்கு மட்டும் அந்த அச்சம் இல்லை. அரச குலத்து ஆண் குழந்தையை முதல் ஆண்டு நிறைவில் அந்தக் கல்லின் மேல் கிடத்திப் பத்மநாபதாசராக்குவது மரபு. கிடக்கும் தந்தையின் முன் கிடக்கும் பிள்ளை. இருவரையும் பிரிப்பது சில அடி தூரம்.

உறவு என்பது சம்பாதிப்பதல்ல, தெரிந்துகொள்வது என்பது வைணவ ஆசாரியர்களின் துணிபு. ஜீவனுக்கும் இறைவனுக்கும் உள்ள ஒன்பது உறவுகளை எண்ணும்போது முதலாவதாகத் தந்தை–மகன் உறவையே வைத்தார்கள். இதை விளக்க ஒரு வணிகன் கதை சொல்வார்கள். மனைவி கருவுற்றிருக்கையில் கடல் கடந்து வாணிபத்துக்குப் போனான் ஒருவன். மகன் பிறந்து, வளர்ந்து, அவனும் வணிகனாகிச் சரக்கோடு புறப்பட்டான். இருவரும் ஒரே பந்தலில் வந்திறங்கினார்கள். இடம் ஒருவர் சரக்குக்கே போதும். பேச்சு தடித்து, கைகலப்புவரை போனது. இருவரையும் அறிந்த ஒருவர் நடுவே வந்து, இவன் உன் மகன், இவர் உன் தகப்பன் என்றார். சண்டை போட்ட நேரத்திலும் அவர்கள் தகப்பனும் மகனுமாகத்தான் இருந்தார்கள். தெரிந்த நொடியில் இரண்டு சரக்கும் ஒரு சரக்கானது. காப்பவர் ஒருவர், காக்கப்படுகிறவர் ஒருவர் என்று ஆனது. அந்த நடுவர்தான் ஆசாரியர். கதையில் அவருக்கு ஒரே ஒரு வாக்கியம்தான், அதுவே அவர் வேலை.

தந்தை பிள்ளையைத் தேடுவதையும் ஒரு சேர மன்னர் பாடிவைத்திருக்கிறார். குலசேகர ஆழ்வாரின் பெருமாள் திருமொழி 105 பாசுரங்கள் கொண்டது. அதில் ஒரு பதிகத்தில் அவர் காட்டுக்குப் போன இராமனை நினைத்துப் புலம்பும் தசரதனாகவே ஆகிவிடுகிறார். அரசாளும் ஒருவர், அரசும் மகனும் ஒரே நாளில் கையை விட்டுப் போன தந்தையின் குரலை எடுத்துக்கொண்டது எளிய காரியமில்லை. திருவிதாங்கூர் அரசர்கள் தங்கள் பட்டப்பெயரில் குலசேகரப் பெருமாள் என்று சேர்த்துக்கொண்டார்கள். அனந்தபுரத்தை நேராகப் பாடியவரோ நம்மாழ்வார், திருவாய்மொழியின் பத்தாம் பத்தில். அவருடைய தாயார் உடையநங்கையின் பிறந்தகம் நாஞ்சில் நாட்டுத் திருப்பதிசாரம் என்பது குருபரம்பரை வழக்கு. தாய்வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு அனந்தபுரம் தூரமில்லை.

தந்தை வீட்டுக்குப் பிள்ளைகள் வருவதை ஆண்டுதோறும் கண்ணால் காண நவராத்திரி இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து புறப்பட்டு, வழியில் தங்கித் தங்கி, திருவனந்தபுரம் வந்து சேர்கிறார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் வணங்கிய மூர்த்தி என்பது ஐதீகம். கலைமகளுக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், முருகனுக்கு ஆரியசாலை, நங்கைக்குச் செந்திட்டை. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தென் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எல்லை புதிதாக வந்தது, பயணம் நிற்கவில்லை. இப்போது இரு மாநிலக் காவலரும் மரியாதை செய்து அனுப்பி வைக்கிறார்கள். விழா முடிந்ததும் மூவரும் ஊர் திரும்புகிறார்கள்.

தந்தையும் வெளியே கிளம்பும் நாட்கள் உண்டு. பங்குனியிலும் ஐப்பசியிலும் திருவிழா முடிவில் ஆறாட்டு. கருட வாகனத்தில் பத்மநாபன், நரசிம்மர், கிருஷ்ணர் மூவரும் சங்குமுகம் கடலுக்கு எழுந்தருள, அரச குடும்பத் தலைவர் உருவிய வாளோடு நடந்து போகிறார். வழியில் விமான நிலையத்தின் ஓடுபாதை குறுக்கிடுகிறது. ஊர்வலத்துக்காக விமானங்களைச் சில மணி நேரம் நிறுத்தி வைக்கிறார்கள். நீராடி, தீவட்டி வெளிச்சத்தில் வீடு திரும்புகிறார் பெருமாள்.

அதே சங்குமுகத்திலும், கரமனை ஆற்றங்கரையில் திருவல்லம் பரசுராமர் கோயிலிலும், கர்க்கடக வாவு என்னும் ஆடி அமாவாசை அன்று விடியுமுன்னே கூட்டம் சேர்கிறது. பெருமாளின் தலைமாடு என்று புராணம் சொன்ன ஊர் திருவல்லம். தந்தை ஜமதக்னியின் சொல்லைத் தட்டாத பரசுராமர் அங்கே மூலவர். ஆதிசங்கரர் தம் தாய்க்குப் பலி இட்ட இடமும் அதுவே என்று ஐதீகம். முந்தின நாள் ஒருவேளை மட்டும் உண்டு விரதம் இருந்த பிள்ளைகள், ஈர வேட்டியோடு அமர்ந்து, தர்ப்பை மோதிரம் அணிந்து, எள்ளும் பூவும் நீரும் விட்டு, சோற்றுருண்டையை வாழையிலையில் வைக்கிறார்கள். புரோகிதர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்கிறார். சொல்லும்போது சிலருக்குக் குரல் தழுதழுக்கும். பிறகு எழுந்து சற்று விலகி நின்று, ஈரக்கையைத் தட்டிக் காக்கையை அழைக்கிறார்கள். காக்கை வந்து கொத்தும்வரை யாரும் அங்கிருந்து நகர்வதில்லை.