தாய்ப்பாலும் உடைமையும்

தாய்ப்பால் கிருமியற்றதென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அதில் இலற்றிக்கமிலப் பற்றீரியங்கள் வாழ்வதை 2003ஆம் ஆண்டில் ஸ்பானிய ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். சேயாற் செரிக்கவியலாத வெல்லங்கள் சிலவும் அப்பாலில் உள; அவை குடல்வாழ் நுண்ணுயிர்களுக்கே இரையாகின்றன. தாய் ஊட்டுவது சேயை மட்டுமன்று.

பெரு நாட்டுத் தாயொருத்தியின் பாலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பற்றீரியமொன்றின் வழித்தோன்றலை, வயிற்றுநோவால் அழும் சிசுக்களுக்கான துளிகளாகச் சுவீடன் நிறுவனமொன்று பல நாடுகளில் விற்கின்றது. இதில் அத்தாய்க்கு உரிமை உண்டா? நுண்ணுயிரை அவள் ஆக்கவில்லை என்பர். நிறுவனந்தானும் ஆக்கவில்லையே! நுண்ணுயிர்க்கொல்லிகளை எதிர்க்கும் பரம்பரையலகுகளை அதனின்று அகற்றியது நிறுவனத்தின் உழைப்பு. அதற்கு ஊதியம் தகும். ஆனால், உடலாற் பேணியதை உழைப்பென ஏற்காமை எந்நியாயம்? அவள் பாலீந்தது தன் சேய்க்கு; சந்தைக்கன்று. பங்கு கேட்டு அவள் வரப்போவதில்லை. எனினும், அவளூர் ஏழைச் சிசுக்களுக்கு எட்டும் விலையிலேனும் அத்துளிகள் கிடைத்தல் வேண்டும் என்பேன்.