மருந்து எவர்க்கு?

சென்னைத் துறைமுகத்தினின்று கப்பலில் மூன்று நாள் தொலைவில் வாழும் நமக்கு, மருந்தும் கடல் கடந்தே வரவேண்டும். பேச்சு வராத பிள்ளையைப் பெற்ற குடும்பங்கள் இத்தீவிலும் உள்ளன. "இதற்கு மருந்து வந்துவிட்டதா?" என்பதே அவர்தம் ஓயாத வினா.

வழிவழியாக வரும் மூளை வளர்ச்சிக் குறைகளுள் ஒன்று ஃப்ராஜைல் எக்ஸ் என்பது. அதற்குரிய மரபணு 1991-இல் கண்டறியப்பெற்றது. அது செயலற்றுப் போவதால் மூளைக்கு வேண்டிய புரதம் ஒன்று உண்டாவதில்லை. நரம்பணுக்களின் இணைப்பு சீர்குலைகிறது. எலிகளிடத்து அச்சீர்குலைவை மருந்தால் ஓரளவு நேராக்கலாம் என்று பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தாரும் 2010-இல் காட்டினர். நம்பிக்கை வளர்ந்தது. ஆயின், மாவோகுளூரண்ட் என்னும் மருந்தை மனிதரிடம் சோதித்தபோது, அது வெற்று மருந்தினும் மேம்பட்ட பயன் தரவில்லை. 2014-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது.

அச்சோதனையில் வெற்று மருந்து உண்டோரிடத்தும் முன்னேற்றம் கண்டதாக வீட்டார் குறித்தனர். ஆசை கண்ணை மறைத்ததோ, அன்றிக் கூர்ந்து நோக்கியதால் முன்பே இருந்தது புலப்பட்டதோ? இரண்டும் நாம் எண்ணத்தக்கனவே.

அவ்வாறாயின் ஆய்வே வேண்டா, உள்ளவாறே ஏற்போம் என்பதா? அன்று. ரெட் என்னும் மற்றொரு மரபணுக் குறைக்கு டிரோஃபினெடைடு என்ற மருந்து 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது குறையை நீக்குவதன்று. சில துன்பங்களைத் தணிப்பது. பிள்ளையின் வலிப்பும் அச்சமும் உறக்கமின்மையும் தணியுமாயின் அதைத் தேடுதல் அறமே.

ஆனால் நாம் தேடுவது எவர்க்கு? ஊரார் ஏளனத்திற்கும், மூத்தவளின் திருமணப் பேச்சு முறியுமென்ற அச்சத்திற்கும் மருந்து தேடினால், அது பிள்ளைக்கன்று, நம் நாணத்திற்கே. தாயைப் பழிப்போரும் நம்மிடை உளர். அறிவுக்குறை ஏதுமின்றி வாழ்ந்த பாட்டனிடமிருந்தும் இம்மரபணு மாற்றம் மகள் வழியே பேரனை அடையலாம். இதில் குற்றவாளி எவருமிலர். சோதனைக்கு உடன்படுகிறேன் எனச் சொல்லவியலாத பிள்ளைக்காக நாம் கையொப்பமிடுங்கால், அவன் நலனொன்றே நம் நெஞ்சில் நிற்றல் வேண்டும்.

நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுவோரையும் மருத்துவத்தின் நான்காம் கூறாக வைத்தார் வள்ளுவர். மருந்து கடல் கடந்து வரும் நாளில் வரட்டும். நான்காம் கூறு நாமே. அது வருவதற்குக் கப்பல் வேண்டா.