மாணாக்கர் பிரசங்கமும் வாய்மையும்

குருபூசைத் தினங்களிலும் வித்தியாசாலை ஆண்டுவிழாக்களிலும் இளமாணாக்கர் சபைமுன் நின்று சிறிது நேரம் பிரசங்கித்தல் நம்மவருள் நெடுங்கால வழக்கம், நல்வழக்கமே. ஆயினும், அங்கே பெரும்பாலும் நிகழ்வது யாது? உபாத்தியாயர் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை நெட்டுருப்பண்ணி ஒப்புவிக்கின்றான். இடையில் ஒரு சொல் மறந்துபோமாயின், திகைத்து நின்று, மீளவும் முதலினின்றே தொடங்குகின்றான். முடிவிலே சபையோர் கரகோஷஞ் செய்கின்றனர். அவன் கூறியதன் பொருளை அவனிடத்து வினாவுவார் ஒருவருமிலர்.

இவ்வாறு பயிற்றுதல் தருமமாகுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றும் ஒருவழிப்படுதலே சைவர்க்கு ஒழுக்கம். தான் அறியாததை அறிந்தான்போலப் பேசப் பழகும் பிள்ளை, வாக்கு மனத்தைப் பிரிந்து நிற்றலையும், அதற்குப் புகழ் கிடைத்தலையும் ஒருங்கே கற்கின்றான். இது நாவன்மையன்று, பொய்ம்மைக்குப் பாலபாடம்.

அற்றேல், பொருளறியாப் பருவத்திலே தேவார திருவாசகங்களை மனனஞ் செய்வித்தலுங் குற்றமாகுமே எனின், ஆகாது. அவை அருளாளர் திருவாக்கென்றே ஓதப்படுகின்றன. ஓதுவோன் அவற்றைத் தன் சொல்லெனக் கூறுகின்றிலன். பிரசங்கமோ, யான் இதனைச் சொல்லுகின்றேன் என்று ஒருவன் எழுந்து நிற்பது.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவாலயத்திலே தமது பிரசங்கங்களைத் தொடங்கினார்கள். அப்பொழுது அவர்களுக்கு வயசு 25. திருவாவடுதுறை ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தது 1849-இல். அந்நாவின் பின்னே நெடிய கல்வியும், கற்றபடி நிற்கும் உறுதியும் நின்றன. அவர்கள் பெயரால் நடக்கும் விழாவிலேயே பிறர் எழுதியதை ஒப்புவித்தல் பொருந்துமா?

ஆதலால், பயிற்சி வேறு வகையில் அமைதல் வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பொருளே போதும். நாயன்மார் ஒருவரது சரித்திரத்தை மாணாக்கன் தானே படிக்க. அவனுள்ளத்தைத் தொட்ட இடம் யாதென ஆசிரியர் வினாவுக. அதனையே நடுவாக வைத்து, தொடக்கமும் முடிவும் உட்பட மூன்று குறிப்புக்களை மாத்திரம் அவன் சிறு கடுதாசியில் எழுதுக. பின்னர்க் கீழ்வகுப்புப் பிள்ளையொருவனுக்கு அதனை வாய்மொழியாகச் சொல்லுக. கேட்டவன் திருப்பிச் சொல்ல வல்லனாயின், அது சபைக்குத் தக்கது. நன்னூலார் நூலுக்குரைத்த பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் என்னும் மூன்றும் சிறு பிரசங்கத்துக்குப் பெருங்குற்றங்கள். இவற்றை ஆசிரியர் தனியிடத்தே எடுத்துக்காட்டித் திருத்துக. பலர்முன் திருத்தினால், பிள்ளை அவையஞ்சுதலையே கற்பான்.

இவ்வாறு பேசுமிடத்துச் சொல் சில தடுமாறும், தடுமாறுக. உண்மையறிவினின்று வருந் தடுமாற்றம் பழக்கத்தாலே தீரும். உள்ளீடில்லாத சொல்லோட்டமோ பழக்கத்தாலே முற்றும். கரகோஷத்தைப் பெறும் பிள்ளையை உண்டாக்குதல் எளிது. தான் தெளிந்ததைத் தெளிந்தவளவே சொல்லும் பிள்ளையை உண்டாக்குதலே உபாத்தியாயர் கடன். அதற்குச் சிவபெருமான் திருவருள் முன்னிற்பதாக.