மறைத்துக் கொடுக்கும் மருந்து

பள்ளி விட்ட பிறகு, மாணவன் ஒருவனின் தாய் என்னைத் தேடி வந்தார். மகனின் படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியவர், தயங்கித் தயங்கி, முடிவில் கேட்டார்: “சோத்துல கலந்து குடுத்தா குடியை நிறுத்துற மாத்திரை இருக்காமே, டீச்சர். அவருக்குத் தெரியாமக் குடுத்துடலாம்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லுது. குடுக்கலாமா?”

‘குடுக்கலாமா’ என்ற ஒரு சொல்லுக்குள் இரு கேள்விகள் இருந்தன. கொடுத்தால் உயிருக்குக் கேடு வருமா என்பது ஒன்று. கணவனை ஏமாற்றித் திருத்துவது அறமாகுமா என்பது மற்றொன்று. முன்னதற்கு மருத்துவம் விடை தரும். பின்னதற்கு நாம்தான் விடை தேட வேண்டும். தேடுவோம், தோழர்களே!

அந்தத் தாய் குறிப்பிட்ட மாத்திரையின் பெயர் டைசல்பிரம். அது முனிவர் எவரும் தவத்தால் கண்டறிந்ததன்று. ரப்பர் ஆலையில் பயன்பட்ட வேதிப்பொருள். அத்தகைய பொருள்களைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு மது ஒவ்வாமற்போவதை 1937இல் அமெரிக்க ஆலை மருத்துவர் ஒருவர் எழுதி வைத்தார். பின்னர் டென்மார்க்கில் ஹால்டு, ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் இருவர், வயிற்றுப் புழுவைக் கொல்ல அது உதவுமா என்று ஆராய்ந்தனர். பிறருக்குக் கொடுக்குமுன் தாமே உண்டு பார்த்தனர். மது அருந்தியபோது முகம் சிவந்து நெஞ்சு படபடக்கக் கண்டனர். 1948இல் உலகுக்கு அறிவித்தனர். உடலுக்குள் சென்ற மது அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு அந்த நச்சும் சிதைகிறது. மாத்திரை அந்தச் சிதைவைத் தடுக்கிறது, நச்சு தேங்குகிறது. வாந்தி, தலைவலி, மூச்சுத் திணறல் எல்லாம் அதன் விளைவே. உண்டதை நிறுத்தி இரு வாரம் வரைகூட அந்த ஆற்றல் உடலில் தங்கக்கூடும்.

இத்தகைய பொருளைக் குழம்பில் கலந்து கொடுப்பது என்றால் என்ன பொருள்? கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழிந்த பின்பே மருத்துவர் இதைக் கொடுப்பார். இதயத்தையும் கல்லீரலையும் ஆராய்ந்த பின்பே கொடுப்பார். அடுப்படியில் அந்த ஆராய்ச்சிக்கு இடமேது? இதயம் நலிந்தவனுக்கு அந்தக் கவளமே இறுதிக் கவளமாகிவிட்டால், பழி யாரைச் சேரும்? பேதைப் பெண்ணைத்தானே!

உயிருக்குக் கேடில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மறைவு, மருந்தை மந்திரமாக்கிவிடுகிறது. வாந்தியெடுத்தவன் என்ன நினைப்பான்? ‘சரக்குக் கெட்டது’ என்பான். ‘எவனோ செய்வினை வைத்தான்’ என்பான். குடி தன்னை அழிக்கிறது என்று மட்டும் கற்கமாட்டான். கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்குகிறார்களே, அங்குகூடக் கட்டப்படுபவனுக்குத் தன் கையில் கயிறு இருப்பது தெரியும்! இங்கு அதுவுமில்லை. பகுத்தறிவு பெற்றெடுத்த மருந்தை, தாயத்தினும் தாழ்ந்த நிலைக்கு இறக்கிவிடுகிறோம்.

இது வெறும் தத்துவமன்று. மெய்யான மாத்திரையைச் சிலருக்கும், வெற்று மாத்திரையைச் சிலருக்கும், எது எதுவென்று சொல்லாமல் கொடுத்துச் சோதித்த ஆய்வுகளில் இரு சாராரிடையே வேறுபாடு தெளிவாகத் தோன்றவில்லை. அறிந்து உண்டவர்களிடமே பயன் விளங்கிற்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த கட்டுரை இதைக் காட்டுகிறது. ‘நான் உண்டிருப்பது அந்த மாத்திரையாக இருக்கக்கூடும்’ என்ற எண்ணமே இரு சாராரையும் ஒருங்கே காத்தது என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். அப்படியானால், இம்மருந்தின் ஆற்றல் பெரிதும் எங்கே உள்ளது? உண்பவன் அறிவில்! காலையில் மனம் தெளிந்திருக்கும்போது, மாலைக்கு வரப்போகும் தன் பலவீனத்திற்குத் தானே இடுகின்ற பூட்டு அது. அறிவை மறைத்துவிட்டு வில்லையை மட்டும் ஊட்டுவது, சாவியையும் பூட்டையும் எறிந்துவிட்டுக் கதவைக் காவலுக்கு வைப்பது போன்றது.

“அடித்து நொறுக்குகிறவனுக்கு உரிமை ஒரு கேடா?” என்று கேட்கலாம். கேட்பது நியாயம், நொந்த நெஞ்சம் வேறு எப்படிக் கேட்கும்? அந்தப் பெண்ணின் உடலுக்கும் பிள்ளையின் உணவுக்கும் காப்பு வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. அதற்கெனவே 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடிப்பவனைத் தடுக்கும் உரிமை அவளுக்கு உண்டு. அவனை விட்டு விலகும் உரிமையும் உண்டு. ஆனால் மறைத்து ஊட்டுவது அவளைக் காக்காது. ஒருநாள் உண்மை வெளிப்படும், தட்டு பறக்கும், கை ஓங்கும். உரிமையோடு எதிர்த்து நிற்க வேண்டியவளை, அஞ்சி அஞ்சிச் சமைப்பவளாக்கியது யார்? “உன் கணவன், உன் தலைவிதி” என்று ஒதுங்கிக்கொண்ட சமுதாயமன்றோ!

அதே சமுதாயம் குடிகாரனுக்கு என்ன சொல்கிறது? “மனமிருந்தால் விடலாமே” என்கிறது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தப் பிரமையும் வரலாம், உயிரே போகலாம். மனம் மட்டும் போதாது, மருத்துவமும் வேண்டும். அவன் மருத்துவரிடம் சென்றாலோ, “மாத்திரை போட்டு நிறுத்துகிறவன் ஆண்பிள்ளையா?” என்று அதே வாய் நகைக்கிறது! நீரிழிவுக்கு மாத்திரை உண்பவனை எவரேனும் நகைக்கிறோமா? மதுவின் இன்பத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோனும், விட்டவன் விட்டபடியே நிற்க உதவும் அகாம்ப்ரோசேட்டும் இன்று உண்டு. அவை எவனையும் புனிதனாக்கிவிடா. வேட்கையின் கூச்சலைத் தணித்து, அவன் எண்ணிப் பார்க்க இடம் தரும், அவ்வளவே. அந்த இடத்தை நிரப்ப வேலை வேண்டும், நட்பு வேண்டும், மாலைப் பொழுதுக்கு வேறோர் இடம் வேண்டும், “இன்றும் குடித்தாயா?” என்று முகர்ந்து பார்க்காத வீடும் வேண்டும்.

பெரியார் 1921இல், கள் எதிர்ப்பின்போது, சேலத்தை அடுத்த தம் தோப்பில் 500க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். தம் மரங்களை, தாமே முடிவு செய்து, ஊரறிய வெட்டினார். பிற்காலத்தில், சட்டத்தின் கட்டாயத்தால் குடியை ஒழிக்க முனைந்த மதுவிலக்கை அவரே எதிர்த்தும் பேசினார். முரண்போல் தோன்றும், முரணன்று. தானே உணர்ந்து விடுவது வேறு, தன்னை மீறிப் பறிக்கப்படுவது வேறு.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: “மறைத்துக் கொடுக்காதீங்க அம்மா. அவர் தெளிவா இருக்கிற காலை நேரத்தில், மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வாங்கன்னு கூப்பிடுங்க. அவர் வரலைன்னா நீங்க மட்டுமாவது போங்க. உங்களுக்கும் அங்க வழி சொல்லுவாங்க.” அவர் தலையசைத்துச் சென்றார். மறுவாரம் தனியே போய்வந்ததாகச் சொன்னார். கணவர் இன்னும் செல்லவில்லை.

அவரை அழைத்துச் செல்ல அந்தத் தெருவில் ஓர் இளைஞன் இல்லையா? மேடையில் மூடநம்பிக்கையைச் சாடும் தோழனே, அந்த இளைஞன் நீயாக இருக்கக் கூடாதா? நோயாளியின் தோள்மீது கை போட்டு, அவனறிய, ஊரறிய, மருத்துவமனை வாயில்வரை நடந்து செல்! தாயத்தை அறுப்பதோடு பகுத்தறிவின் பணி முடிந்துவிடவில்லை. தாயத்து இருந்த இடத்தில் மனித நேயத்தை வைக்க வேண்டும்.