விடுவதற்கென்றே பிடிப்பது

கனடாவின் பிரேசர் ஆற்றில் வாழும் வெள்ளை ஸ்டர்ஜன் காண்போரைத் திகைக்க வைக்கும் மீன். உடலில் ஐந்து வரிசை எலும்புத் தகடுகள், பல்லில்லாத வாய், அதன் முன்னே தொங்கும் நான்கு மீசைகள். இதன் குலம் டைனோசர்கள் உலவிய காலத்தது. நூறாண்டு கடந்தும் வாழ வல்லது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வணிகர்கள் வரைமுறையின்றிப் பிடித்ததால் இவ்வினம் நலிந்தது. பொழுதுபோக்காகத் தூண்டிலிடுவோர் சிக்கிய மீனை உயிரோடு விட்டுவிட வேண்டும் என்பது 1994 முதல் அங்குள்ள விதி.

கொல்லவில்லையே, பிறகென்ன குற்றம் என்பர் சிலர். நெடுநேரம் போராடிக் களைத்த மீனுக்கு நம் நல்லெண்ணம் எங்ஙனம் தெரியும்? அவ்வாற்றங்கரையின் ஸ்டோலோ பழங்குடியினர் உணவுக்காகப் பிடித்தனர். அதில் ஒரு தேவை இருந்தது. உண்பது கொடுமை, விடுவது கருணை என்னும் எளிய கணக்கு எனக்கு உடன்பாடன்று.

எனினும் வழக்கு இத்தோடு முடியவில்லை. 2000ஆம் ஆண்டு முதல் தூண்டிற்காரர்கள் பலர் தன்னார்வலராகி, பிடித்த மீனை அளந்து, அடையாளக் குறி பொருத்தி விடுகின்றனர். இளம் மீன்கள் குறைந்து வருவதை ஆய்வாளர்கள் அறிந்தது பெரிதும் இவர்களால்தான். ஆயின் கணக்கெடுக்கத் தேவையான அளவோடு நிறுத்தலாகாதா? அதற்கு மேல் இழுத்த ஒவ்வொரு மீனுக்கும் அவர்கள் என்ன காரணம் சொல்வார்கள்?