யார் தோளில் ஏற்றுகிறோம்?

நம் பங்கில் சிறுவனாய் ஓடியாடி வளர்ந்து, இன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் குடும்பத்தோடு வாழும் அன்பர் ஒருவர், சென்ற இலையுதிர் காலத்தில் நம்மோடு தொலைபேசியில் உரையாடினார். அவருக்கு இரண்டு ஏக்கர் தோட்டம். ஓக் மரங்களும் மேப்பிள் மரங்களும் அக்டோபரில் உதிர்க்கத் தொடங்கினால் நவம்பர் முடியும்வரை ஓய்வதில்லை. சருகுகளைக் காற்றால் தள்ளி ஒதுக்கும் 'லீஃப் ப்ளோயர்' என்னும் இயந்திரம் ஒன்று வாங்க வேண்டும். பெட்ரோலில் ஓடுவதா, பேட்டரியில் ஓடுவதா என்று வினவினார். ஈர்க்குத் துடைப்பத்தைத் தவிர வேறொன்றும் அறியாத நம்மிடமா இதைக் கேட்பது என்று நகைத்தோம். அவரோ, "பெட்ரோல் இயந்திரம் பெருஞ்சத்தம் போடும் ஃபாதர். ஆனால் அதைச் சுமக்கப் போவது நானில்லையே. வாரந்தோறும் வரும் தோட்டக்காரருடைய பழைய இயந்திரம் பழுதாகிவிட்டது, அவருக்குத்தான் வாங்கித் தருகிறேன்" என்றார். பெருந்தன்மையோடு சொன்ன சொல்தான். ஆயினும் 'சுமக்கப் போவது நானில்லையே' என்பது மட்டும் நம் நெஞ்சில் தங்கிவிட்டது.

இயந்திரத்தின் மீது நமக்குப் பகையில்லை. இரண்டு ஏக்கரையும் கையால் வாரிக் குவிப்பவரின் இடுப்பைக் கேட்டால் இயந்திரத்தின் அருமையை அது சொல்லும். பரந்த தோட்டத்திற்குக் கையில் பிடிக்கும் சிறு கருவி போதாது. பையைப்போல் முதுகில் மாட்டிக்கொள்ளும் பெரிய வகையே வேண்டும். அது ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ளது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் காற்றை உமிழ வல்லது. பேட்டரியில் இயங்குவதை முழு வேகத்தில் ஓட்டினால் மின்சாரம் விரைவில் தீர்ந்துவிடும். பெரிய தோட்டமெனில் மாற்றுப் பேட்டரிகள் பல வேண்டும், விலையும் ஏறும். பெட்ரோல் இயந்திரத்திற்கோ மீண்டும் எரிபொருளை ஊற்றினால் போதும். எனவே பெட்ரோலை நாடுவோரைச் சோம்பேறிகள் என்றோ கொடியோர் என்றோ நாம் சொல்லமாட்டோம்.

ஆனால் அந்த எஞ்சினின் இயல்பையும் அறியவேண்டும். அவற்றுள் பெரும்பாலானவை டூ-ஸ்ட்ரோக் வகையைச் சார்ந்தவை. நம் ஊர்ப் பழைய ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் வெண்புகை கக்கிச் சென்றதை மறந்திருக்கமாட்டீர்கள், அதே வகைதான். எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்றவேண்டும். எரிந்த புகை வெளியேறும் அதே நேரத்தில் புதிய எரிபொருளும் உள்ளே நுழைவதால், அதில் ஒரு பகுதி எரியாமலேயே வெளியே போய்விடுகிறது. இவ்வியந்திரத்தை ஒரு மணி நேரம் இயக்கினால் எழும் புகைமூட்ட மாசு, 2017ஆம் ஆண்டின் டொயோட்டா கேம்ரி காரைச் சுமார் 1,770 கிலோமீட்டர் ஓட்டுவதற்கு ஒப்பானது என்று கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் கணக்கிட்டுள்ளது. கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் பாதி வழி செல்லும் தூரம் அது! அந்தப் புகை முதலில் சேர்வது முதுகில் எஞ்சினைச் சுமப்பவரின் மூக்கில்தான்.

ஒலியைப் பற்றிய செய்தி இதனினும் வியப்பானது. அமெரிக்காவில் இவ்வியந்திரங்களுக்குக் குறிக்கப்படும் டெசிபல் அளவு, 15 மீட்டர் தொலைவில் நின்று அளந்ததாம். அதாவது அண்டை வீட்டாரின் காதுக்குரிய அளவு. சுமப்பவரின் காதோ ஒரு முழத்திற்குள் இருக்கிறது! அளக்கும் கோலை எங்கே நட்டார்கள் என்பதைக்கொண்டே யாரை மனிதராக எண்ணினார்கள் என்று கண்டுகொள்ளலாம் போலும்.

குருமடத்தில் அறநெறியியல் பயின்ற நாள்களில் 'இரட்டை விளைவு' என்னும் கோட்பாட்டைக் கற்றோம். ஒரு செயலால் நன்மையும் தீமையும் சேர்ந்தே விளையும்போது, தீமையை நாம் விரும்பாதிருந்தால், அத்தீமையே நன்மைக்கு வழியாகாதிருந்தால், தக்க காரணமும் இருந்தால், அச்செயலைச் செய்யலாம் என்பது அது. புனித தாமஸ் அக்குவினாசின் சிந்தனையில் வேர்விட்ட கோட்பாடு. தோட்டம் தூய்மையாதல் நன்மை. இரைச்சலும் புகையும் நாம் விரும்பாத தீமை. கணக்கு எளிதாகவே முடிந்துவிடுகிறது. ஆனால் தராசின் ஒரு தட்டில் இருப்பது நம் புல்வெளி, மறுதட்டில் இருப்பது பிறர் செவி என்றால், அத்தராசை நாம் மட்டும் பிடித்திருப்பது முறையா? தேர்வுக்காக அக்கோட்பாட்டை மனப்பாடம் செய்த காலத்தில் இக்கேள்வி நமக்கு எழவேயில்லை.

அப்படியானால் தடை செய்துவிட்டால் தீர்ந்ததா? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்தது நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. வீடுகளுக்கு 500 அடிக்குள் பெட்ரோல் ப்ளோயரை இயக்கக்கூடாது என்று அந்நகர மன்றம் சட்டம் இயற்றி, 1998இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து அவ்வாண்டு ஜனவரியில் நகர மன்றக் கட்டடத்தின்முன் உண்ணாநோன்பு இருந்தவர்கள் யார் தெரியுமா? இயந்திரம் விற்ற வணிகர்கள் அல்லர். தோட்டத் தொழிலாளர்கள்; பெரும்பாலும் இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். எந்த இயந்திரம் அவர்களது செவியையும் நெஞ்சையும் கெடுக்கிறதோ, அதற்காகவே அவர்கள் பட்டினி கிடந்தார்கள்! அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர்களுக்குக் கூலி மணிக்கணக்கில் அன்று, தோட்டக்கணக்கில். இயந்திரம் இருந்தால் ஒரு நாளில் பல தோட்டங்கள். துடைப்பத்தோடு நின்றால் அவற்றில் பாதிகூடத் தேறாது. தூய காற்றை விரும்பியோர், அதற்குரிய விலையைத் தம் பையிலிருந்து எடுக்காமல், தோட்டக்காரரின் பையிலிருந்து எடுக்கப் பார்த்தார்கள். சத்தமும் அவர்மேல், சத்தத்தை ஒழிக்கும் செலவும் அவர்மேல்!

பின்னாளில் கலிபோர்னியா மாநிலம் சற்று நிதானித்தது. இத்தகைய புதிய பெட்ரோல் கருவிகளின் விற்பனையை 2024 முதல் நிறுத்தும் சட்டத்தை 2021இல் கொண்டுவந்தபோது, சிறு தொழில் செய்வோர் மின்கருவிகளுக்கு மாற 3 கோடி டாலர் ஒதுக்கியது. போதுமா என்பது வேறு. கருவியின் விலையையேனும் பிறர் பகிர்ந்துகொள்ள முன்வந்தார்களே.

மீண்டும் நம் அன்பரிடம் வருவோம். சில நாள் கழித்து நாமே அவரை அழைத்தோம். மரத்தடிச் சருகை அப்படியே விட்டால் மட்கி மண்ணுக்கே உரமாகும். பாதையும் புல்வெளியும் மட்டும் தூய்மையானால் போதாதா என்று கேட்டோம். அப்படிப் பார்த்தால் ஊதவேண்டிய நிலம் அரை ஏக்கருக்குமேல் இராது என்று அவரே கணக்கிட்டார். "எந்த இயந்திரமானாலும் அதை முதுகில் மாட்டப் போகிறவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா, தம்பி?" என்றோம். கேட்கவில்லையாம்.

அடுத்த வாரம் கேட்டுவிட்டுச் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் எந்த வீட்டிலும் தம்மை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று தோட்டக்காரர் சிரித்தாராம். பேட்டரி இயந்திரம் தமக்கு நல்லதுதான், மாலையில் காதுக்குள் இரைச்சல் கேட்காது. ஆனால் வேலை முடிய ஒரு மணி நேரம் கூடுதலாகும், அந்த மணிக்கும் கூலி உண்டா என்று திருப்பிக் கேட்டாராம்.

அன்பர் இன்னும் இயந்திரம் வாங்கவில்லை. கூலியைப் பேசி முடித்துவிட்டு வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.