யார் இட்ட முட்டை

தென் அமெரிக்காவின் பம்பாஸ் புல்வெளியில் வாழும் ரியாவுக்குக் கூடு என்பது ஆண் பறவை தரையில் பறித்த ஆழமில்லாத ஒரு பள்ளம். பல பெட்டைகள் வந்து அதில் முட்டையிடும். ஓரத்தில் இட்டுவிட்டுப் போனாலும் ஆண் தன் அலகால் உருட்டி உள்ளே சேர்த்துக்கொள்ளும். 20, 30 முட்டைகள் சேர்ந்ததும் பெட்டைகள் வேறோர் ஆணைத் தேடிப் போய்விட, சுமார் 25 கிலோ எடையுள்ள அந்தப் பறவை ஐந்தாறு வாரம் தனியாக அடைகாக்கிறது. வேறோர் ஆணுக்குக் கருவான முட்டையும் அதில் இருக்கலாம். பொரித்த பிறகு ஆறு மாதம் வரை குஞ்சுகளுக்குக் காவல். பறக்க உதவாத அந்தப் பெரிய சிறகுகளுக்கடியில்தான் அவை ஒதுங்கும். தகப்பனைத் தவறவிட்ட வேறு குஞ்சு வந்து ஒட்டிக்கொண்டால் அதற்கும் அங்கே இடம் உண்டு.

நான் ஒரு மகளைத் தத்தெடுத்து வளர்ப்பவன். 'என்ன இருந்தாலும் சொந்த ரத்தம் மாதிரி வருமா?' என்று கேட்ட உறவினர்கள் உண்டு. இந்தப் பறவையைப் பற்றி விலகி நின்று எழுத என்னால் முடியாது.

சமய நூல்களில் தோய்ந்த நண்பர் ஒருவர் சொன்னார்: "அது இயல்பூக்கம். தேர்ந்து செய்யாததில் அறமும் இல்லை, அன்பும் இல்லை." அறம் இல்லை என்பதை ஏற்கிறேன், வேறு வழி அறியாத உயிருக்குப் புண்ணியக் கணக்கு எழுத முடியாது. அன்பையும் ஏன் பறிக்க வேண்டும்? மகள் வந்த முதல் வாரம், காய்ச்சலில் முனகினாள். நான் எதையும் தேரவில்லை. தூக்கத்திலேயே எழுந்தேன், கை அவள் நெற்றிக்குப் போனது. யோசனையெல்லாம் பிறகுதான் வந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அடையில் அமர்ந்துவிட்ட ரியா, முட்டையிட வரும் பெட்டையைக்கூட விரட்டும். அஞ்சி வெளியே இட்ட முட்டை புல்லிலேயே கிடந்து அழுகும். முன்பு உருட்டிச் சேர்த்த அதே அலகு இப்போது சேர்க்காது. அந்தப் பாசத்துக்கு எல்லை உண்டு. என் பாசத்துக்கும் உண்டு: காப்பகத்தில் எத்தனையோ குழந்தைகள், நாங்கள் தூக்கி வந்தது ஒருத்தியை.

இறைவனின் கருணைக்கு எல்லை இல்லை என்கிறார் நண்பர். நானும் நம்புகிறேன். ஆனால் மற்றக் குழந்தைகளிடம் அது யாராவது ஒருவரின் கை வழியாகத்தானே போய்ச் சேர வேண்டும்? என் தம்பியோடு இப்போது அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.